மனித முகமும் மீடியம் போர்மட் கமராவும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

1991ஆம் ஆண்டில் லீஃப் என்ற நிறுவனம் ஒரு புதிய கருவியை விற்பனைக்கு விட்டது. ஸ்டூடியோக்களில் பயன்படும் பெரிய கமராக்களின் பின்புறத்தில், பிலிம் பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் பொருத்தப்படும் டிஜிட்டல் பின்பகுதி அது. வர்த்தக ரீதியில் வெளிவந்த அவ்வகைக் கருவிகளில் முதலாவதாக அது கருதப்படுகிறது. அதன் திறன் 4 மெகாபிக்சல். அதே ஆண்டில் கொடாக் நிறுவனம் வெளியிட்ட டிஜிட்டல் கமராவின் திறன் 1.3 மெகாபிக்சல் மாத்திரமே என்பதோடு ஒப்பிட்டால் அதன் பெருமை விளங்கும். ஆனால் அந்த உயர்ந்த கருவியால் ஒரு மனிதரை வர்ணத்தில் படம்பிடிக்க முடியவில்லை.

காரணம் எளிமையானது. அதன் உணரி வர்ணம் அறியாதது. வில்லைக்கு முன்னால் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்றுவர, மூன்று தடவை படம் எடுத்து அவற்றை ஒன்றுசேர்க்க வேண்டும். கைக்கடிகாரமும் வாசனைத் திரவியப் போத்தலும் அதுவரை அசையாமல் காத்திருக்கும். மனிதர் மூச்சு விடுவார், கண் இமைப்பார். மூன்று வர்ணங்களும் மூன்று இடங்களில் விழும். கறுப்பு வெள்ளையாயின் ஒரே தடவையில் எடுக்கலாம், அவ்வளவுதான். அக்காலத்து மற்றொரு வகையான வருடும் பின்பகுதிகள் ஒரு படத்தை வரிவரியாகப் பதிவதற்கு நிமிடக்கணக்கில் எடுத்துக்கொண்டன.

மீடியம் போர்மட் டிஜிட்டல் கமராவின் வரலாற்றை நான் இந்த இடத்திலிருந்தே தொடங்க விரும்புகிறேன். சடப்பொருளுக்காகப் பிறந்த ஒரு கருவி உயிருள்ள முகத்துக்குப் பழகுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எடுத்தது. இன்று ஆறாயிரம், எட்டாயிரம் டொலர் செலவழித்து மனிதரைப் படம்பிடிக்க இத்தகைய கமராவை வாங்க நினைப்பவர் பெரும்பாலும் மெகாபிக்சல் எண்ணிக்கையையே பார்க்கிறார். அவர் பார்க்கவேண்டியது வேறு. அதைப் புரிந்துகொள்ள டிஜிட்டலுக்கு முந்திய காலத்துக்குச் சற்றுப் போகவேண்டும்.

கொடாக் நிறுவனம் 120 இலக்கப் படச்சுருளை அறிமுகப்படுத்தியது 1901இல். ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர் அகலமுள்ள அந்தச் சுருளில் எடுக்கப்படும் படங்களே மீடியம் போர்மட் எனப்பட்டன. 35 மில்லிமீற்றர் பிலிமில் ஒரு படத்தின் அளவு 24க்கு 36 மில்லிமீற்றர். 120 சுருளில் எடுக்கும் சதுரப் படமோ 56க்கு 56. பரப்பளவில் மூன்றரை மடங்குக்கும் மேல். பெரிதாக்கி அச்சிடும்போது தோலின் நிறத்தில் ஏற்படும் மெல்லிய மாற்றங்கள் கெடாமல் நின்றன. ஸ்டூடியோக்காரர்கள் அதனை விட்டுவிடாததற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் பார்க்கும் முறையில் இருந்தது. ஜேர்மனியின் பிறவுன்ஷ்வைக் நகரில் இயங்கிய பிராங்கே அன்ட் ஹைடெக்கே நிறுவனத்தின் ரோலிஃபிளெக்ஸ் 1929இல் சந்தைக்கு வந்தது. மேலும் கீழுமாக இரண்டு வில்லைகள். ஒன்று பார்ப்பதற்கு, மற்றது படம் எடுப்பதற்கு. கமராவை மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மேலே உள்ள கண்ணாடித் திரையில் படத்தைப் பார்க்கவேண்டும். இடதும் வலதும் மாறித் தெரியும் என்பதால் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஆனால் இதில் ஒரு நன்மை உண்டு. படம் எடுப்பவரின் முகத்தைக் கருவி மறைப்பதில்லை. எதிரே இருப்பவரை நோக்கித் துப்பாக்கி போல எதுவும் நீட்டப்படுவதில்லை. தலை குனிந்தபடி நிற்கும் ஒருவர் முன்னால் மனிதர்கள் இறுக்கம் தளர்ந்துவிடுகிறார்கள். ரிச்சர்ட் அவெடன் போன்றோர் ரோலிஃபிளெக்ஸைக் கைவிடாமல் வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்த பெயர் விக்டர் ஹசல்பிளாட். சுவீடனின் கோதன்பேர்க் நகரத்து வணிகக் குடும்பத்தில் 1906இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சுவீடன் விமானப்படைக்கு வான்படக் கமரா செய்துகொடுத்தவர். 1948இல் நியூயோர்க்கில் தமது முதலாவது பொதுமக்கள் கமராவை அறிமுகப்படுத்தினார். உடல், வில்லை, பார்வைப்பகுதி, பிலிம் பெட்டி என நான்கையும் தனித்தனியே கழற்றி மாற்றக்கூடிய அமைப்பு அது. ஆனால் அதன் ஷட்டர் தொல்லை தந்தது. 1957இல் வந்த 500சீ என்ற மாதிரியில் அவர் ஷட்டரை உடலிலிருந்து எடுத்து ஒவ்வொரு வில்லைக்குள்ளும் வைத்தார். பூவிதழ் போல மையத்திலிருந்து விரிந்து மூடும் ஷட்டர் அது.

இவ்விடத்தில் சற்று நின்று விளக்க வேண்டும். ஏனெனில் இன்றைய தெரிவும் இதில்தான் தங்கியிருக்கிறது. சாதாரணக் கமராக்களில் ஷட்டர் என்பது பிலிமுக்கு முன்னால் ஓடும் திரை. வேகம் கூடும்போது திரையின் ஒரு கீற்று மாத்திரமே திறந்திருக்கும். அந்த நேரத்தில் பிளாஷ் ஒளிர்ந்தால் படத்தின் ஒரு பகுதி இருண்டுபோகும். இதழ் ஷட்டரோ முழுவதுமாகத் திறந்து மூடுகிறது. ஆகவே 500சீயில் 1/500 செக்கன் வரை எந்த வேகத்திலும் பிளாஷைப் பயன்படுத்த முடிந்தது. நண்பகல் வெயிலில் மணமக்களை நிறுத்தி, வானத்தைச் சற்று இருட்டாக்கி, முகங்களுக்கு மாத்திரம் பிளாஷ் ஒளி கொடுக்கும் வித்தை இதனால்தான் சாத்தியமாயிற்று. 1962இல் விண்வெளி வீரர் வொல்டர் ஷிரா கொண்டுபோனதும் 500சீதான். 1969இல் சந்திரனுக்கும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கமராவே போயிற்று. அந்தக் கதை பலரும் அறிந்தது.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் தொழில் இக்கமராக்களை முன்னமே கைவிட்டுவிட்டது. பத்திரிகைத் தாளின் கரடுமுரடான புள்ளிகளில் அந்த நுணுக்கம் எதுவும் மிஞ்சாது. பன்னிரண்டு படங்களில் சுருள் தீர்ந்துபோகும் கமராவோடு ஊர்வலத்துக்கோ தேர்தல் கூட்டத்துக்கோ போகவும் முடியாது. 35 மில்லிமீற்றர் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஸ்டூடியோவும் திருமணமும் சஞ்சிகை அட்டைப்படமும் மற்றதன் உலகமாயின.

டிஜிட்டலுக்குத் திரும்புவோம். 1990களின் பிற்பகுதியில் ஒரே தடவையில் வர்ணப் படம் எடுக்கும் பின்பகுதிகள் வந்தன. 1993இல் கொப்பன்ஹேகனில் தொடங்கப்பட்ட பேஸ் வண் நிறுவனமும் கொடாக்கும் லீஃபும் இதில் முன்னின்றன. மனிதரைப் படம்பிடிக்க முடிந்தது. ஆனால் கருவி பெரும்பாலும் கேபிளால் கணினியோடு கட்டப்பட்டிருந்தது. 2004இல் பேஸ் வண் வெளியிட்ட 22 மெகாபிக்சல் பீ25 போன்றவை வந்த பின்னர் கேபிளைக் கழற்றிவிட்டு வெளியே நடப்பது எளிதாயிற்று. அதே ஆண்டில் ஹசல்பிளாட், டென்மார்க்கின் இமாகொன் நிறுவனத்தோடு இணைந்தது.

இந்தக் கருவிகளின் விலை ஒரு மோட்டார் வாகனத்தின் விலை. அவற்றின் குறைகளும் சிறியவையல்ல. வெளிச்சம் குறைந்தால் படம் மணல் கொட்டியதுபோல் ஆகும். துணியின் இழையும் உணரியின் கட்டங்களும் ஒன்றோடொன்று மோதி, இல்லாத வானவில் கோடுகளை உண்டாக்கும். மேலங்கியிலும் பட்டுச் சேலையிலும் அதைப் பார்க்கலாம். ஓட்டோ போகஸ் நடுப்புள்ளியில் மாத்திரமே நம்பத்தக்கதாக இருந்தது. நடுவில் கண்ணைக் குவியப்படுத்திவிட்டுக் கமராவைச் சற்றுத் திருப்பினால் குவியம் காதுக்குப் போய்விடும். 2009இல் ஹசல்பிளாட் தனது எச்4டீ மாதிரியில், அந்தத் திருப்பத்தை அளந்து குவியத்தைத் திருத்தும் ஓர் ஏற்பாட்டையே செய்யவேண்டியிருந்தது.

2009 ஜனவரியில் ஒபாமாவின் உத்தியோகபூர்வப் படம் வெளியிடப்பட்டது. டிஜிட்டல் கமராவினால் எடுக்கப்பட்ட முதலாவது அமெரிக்க ஜனாதிபதிப் படம் அது. பீட் சூசா அதை எடுத்தது 35 மில்லிமீற்றர் அளவிலான கெனன் 5டீ மார்க் 2 கமராவினால். மீடியம் போர்மட் இல்லாவிட்டால் முகம் எடுபடாது என்று வாதிடுபவர்கள் இதனை நினைவிற்கொள்வது நல்லது.

நிலைமை மாறியது 2014இல். சோனி தயாரித்த 50 மெகாபிக்சல் சீமொஸ் உணரி, பேஸ் வண், ஹசல்பிளாட், பென்ரக்ஸ் என மூன்று நிறுவனங்களின் கருவிகளிலும் ஒரே ஆண்டில் இடம்பெற்றது. குறைந்த வெளிச்சத்திலும் படம் எடுக்கலாம். திரையில் நேரடிக் காட்சியைப் பெரிதாக்கி இமை முடியைக் குவியப்படுத்தலாம். 2016இல் ஆடி இல்லாத ஹசல்பிளாட் எக்ஸ்1டீ அறிவிக்கப்பட்டது. 2017இல் பியூஜிபிலிம் ஜீஎஃப்எக்ஸ் 50எஸ் விற்பனைக்கு வந்தது. உடலின் விலை 6,499 டொலர். இரண்டிலும் ஓட்டோ போகஸ் மெதுவானது. 2019இல் வந்த 102 மெகாபிக்சல் ஜீஎஃப்எக்ஸ் 100தான் உணரியின் முழுப் பரப்பிலும் குவியத்தை அறியும் திறனையும் கைநடுக்கத்தைச் சமன்செய்யும் பொறியையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. பேசிக்கொண்டிருக்கும், தலையை ஆட்டும், சிரிக்கும் மனிதரின் கண்ணைக் கமரா தானே பின்தொடர்ந்தது. ஹசல்பிளாட் 2022இல் எக்ஸ்2டீ மாதிரியில் இந்த வகை ஓட்டோ போகஸுக்கு வந்தது. தொடர்ச்சியாகப் பின்தொடரும் வசதியை 2025இல் அதன் இரண்டாம் பதிப்பில்தான் கொடுத்தது.

இது ஏன் இத்தனை முக்கியம்? பியூஜியின் 110 மில்லிமீற்றர் வில்லையை எஃப்2இல் முழுவதுமாகத் திறந்து ஒன்றரை மீற்றர் தூரத்தில் ஒருவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் இராது. அவர் மூச்சை இழுத்து விட்டாலே கண் அந்த எல்லையைத் தாண்டிவிடும். 100 மெகாபிக்சலில் அந்தத் தவறு ஒளிந்துகொள்ளாது.

ஒரு பெயர்க்குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். இன்று பியூஜியும் ஹசல்பிளாடும் விற்பவற்றின் உணரி 44க்கு 33 மில்லிமீற்றர். 35 மில்லிமீற்றர் கமராவின் பரப்பைவிட இது ஒன்றே முக்கால் மடங்குக்கும் குறைவு. பழைய சதுரப் பிலிமின் பரப்பில் பாதிகூட இல்லை. ஏறத்தாழ 54க்கு 40 அளவுள்ள பெரிய உணரிகள் பேஸ் வண் பின்பகுதிகளிலும் ஹசல்பிளாட் எச்6டீயின் 100 மெகாபிக்சல் மாதிரியிலும் இருந்தன. அவற்றின் விலை சாதாரண ஸ்டூடியோக்காரருக்கு எட்டாதது.

அப்படியாயின் இந்தப் பணம் எதற்கு? தோலின் நிறத்துக்கு என்பதே என் பதில். கொடாக் நிறுவனம் அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய வர்ண அளவு அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் படமே இருந்தது. ஷேர்லி என்று அந்த அட்டைக்குப் பெயர். பிலிம் அந்தத் தோலுக்கே அளவெடுத்துத் தைக்கப்பட்டது. கரிய நிறத்தவரான ஒருவர் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக நின்றால், வேட்டியின் மடிப்பைக் காப்பாற்றினால் முகம் இருளும். முகத்தைக் காப்பாற்றினால் வேட்டி வெளிறிய தாளாகும். எங்கள் வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய திருமணப் படங்கள் பலவற்றில் மாப்பிள்ளையின் முகம் தெளிவில்லாமல் இருப்பதற்குப் படப்பிடிப்பாளர் மாத்திரம் பொறுப்பல்ல. பெரிய உணரிகள் இருளிலும் ஒளியிலும் ஒருங்கே விபரத்தைப் பிடிக்கின்றன. ஒரு படம் ஏறத்தாழ 200 மெகாபைட் வரை கணினியில் இடம்பிடிப்பது இதற்காகவும்தான். நவீன 35 மில்லிமீற்றர் கமராக்களும் இதில் நெருங்கிவிட்டன என்பதையும் மறைக்கக்கூடாது. பெரிய அச்சுக்கே வித்தியாசம் புலப்படும். கைத்தொலைபேசித் திரைக்கு அல்ல.

வாங்குபவர் அஞ்சவேண்டிய இன்னொன்று அநாதையாவது. கொன்ராக்ஸ் 645 அருமையான முகவில்லைகளைக் கொண்டிருந்தது. 2005இல் அந்தக் கமரா வணிகமே முடிந்தது. மமியா தனது கமராப் பிரிவை 2006இல் வேறு கைக்குக் கொடுத்தது. அதே ஆண்டில் ஹசல்பிளாட் எச்3டீ வந்தபோது பிற நிறுவனங்களின் பின்பகுதிகளுக்குக் கதவு மூடப்பட்டது. லைக்கா எஸ் வரிசையும் நின்றுபோனது. இவற்றில் முதலிட்டவர்களின் கையில் இருப்பவை நல்ல வில்லைகள்தான். பொருத்துவதற்குப் புதிய உடல் இல்லை. இதற்கு மாறாக, 1957இன் 500சீ உடலில் ஹசல்பிளாட் 2024இல் வெளியிட்ட 100 மெகாபிக்சல் பின்பகுதியைப் பொருத்தலாம். ஓட்டோ போகஸ் கிடையாது. ஆனால் குனிந்து பார்க்கும் பழைய கண்ணாடித் திரை அப்படியே இருக்கிறது.

இன்று மனிதரைப் படம்பிடிக்கப் புதிதாக ஆரம்பிப்பவருக்குத் தெரிவு பெரும்பாலும் இரண்டுக்கிடையே நிற்கிறது. வில்லை மாற்றும் பியூஜி ஜீஎஃப்எக்ஸ் கமராக்களின் ஷட்டர் உடலில் இருப்பதால் பிளாஷோடு 1/125 செக்கனே எல்லை. விசேட பிளாஷ்களால் அதைத் தாண்டலாமாயினும் ஒளியின் பலம் குறையும். ஹசல்பிளாடின் எக்ஸ் வில்லைகளில் இதழ் ஷட்டர் உண்டு. வில்லைக்கேற்ப 1/2000, 1/4000 வரையில் பிளாஷ் இயங்கும். ஆனால் வில்லைகள் விலை கூடியவை. அறைக்குள், யன்னல் ஒளியில், குழந்தைகளையும் முதியவர்களையும் எடுப்பவர் பியூஜியிடம் போகலாம். 2024இல் வந்த 100எஸ் இரண்டாம் பதிப்பு 4,999 டொலருக்கு அறிமுகமானது. வெயிலில் பிளாஷோடு வேலை செய்பவருக்கு நான் ஹசல்பிளாடையே சொல்வேன்.

எதுவாயினும் வாங்குமுன் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். பெருநகரங்களில் இந்த வசதி உண்டு. நண்பகலில் வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவரை வெளியே நிறுத்தி, பிளாஷோடும் பிளாஷ் இல்லாமலும் எடுங்கள். அவரைப் பேசவிட்டு எடுங்கள். பின்னர் கண்ணையும் சட்டைக் கழுத்தையும் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். விலைப்பட்டியலை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.