ஈய வீரர்களின் சாட்சியம்

நம்மிடம் அரபும் தமிழும் பயின்று, இப்போது இங்கிலாந்தில் பணியாற்றும் மாணவர் ஒருவர், சென்ற விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது நம் இல்லம் தேடி வந்தார். ஸலாமும் நலவிசாரிப்பும் முடிந்தபின் ஒரு நிழற்படத்தை எடுத்து நம்முன் வைத்தார். பதினெட்டு அடி நீளமுள்ள மேசை. அதன்மேல் பச்சைத் துணி விரிப்பு. குன்றுகள், ஓடைகள், பண்ணை வீடுகள். அவற்றினிடையே ஓரங்குலத்திற்குச் சற்று மிகுந்த உயரத்தில், வண்ணம் தீட்டிய ஈய வீரர்கள் ஆயிரக்கணக்கில் அணிவகுத்து நின்றனர். மேசையைச் சுற்றி நரைத்த தலையினர் பன்னிருவர். 1815 ஜூன் 18இல் நிகழ்ந்த வாட்டர்லூப் போரை, ஒரு விடுமுறை நாள் முழுவதும் அவர்கள் ஆடித் தீர்த்தார்களாம்.

ஆடும் முறையையும் அவர் விளக்கினார். ஒரு பொம்மை இருபது வீரர்களைக் குறிக்கும். ஒவ்வொருவரும் ஒரு படைப்பிரிவின் தலைவர். தம் கட்டளையைத் தாளில் எழுதி நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும், பின்பு மாற்றலாகாது. படை நகரும் தொலைவை அளவு நாடா கூறும்; சுட்ட குண்டு பட்டதா, படவில்லையா என்பதைப் பகடை கூறும்; ஐயம் எழுந்தால் நடுவர் கூற்றே முடிவு.

பகடை என்றதும் நம் புருவம் உயர்ந்ததை மாணவர் கண்டுகொண்டார். “பந்தயம் ஏதுமில்லை, ஹஜ்ரத்” என்று முறுவலித்தார். பிறகு தம் மனத்தை உறுத்திய வினாவைக் கேட்டார்: “எனக்குக் கிடைத்தவை பிரஷ்யப் படைகள். மாலைவரை மற்றவர்க்குத் தேநீர் ஊற்றுவதே என் வேலையாயிற்று. ஆனால் என் படை களம் புகுந்த பின்னரே நெப்போலியன் பக்கம் சாயத் தொடங்கிற்று. பள்ளியில் படித்தபோதோ, வென்றவர் வெல்லிங்டன் என்று மட்டுமே படித்தோம். எது உண்மை, ஹஜ்ரத்?”

அன்று சுருங்கச் சொன்ன விடையை இங்கு விரித்துரைக்க விழைகின்றோம்.

இவ்விளையாட்டின் மூதாதை நமக்குப் புதியதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையே சதுரங்கம். அது பாரசீகம் சென்று சத்ரங் ஆயிற்று. அரபு நாவில் ஷத்ரஞ்ஜ் ஆயிற்று. அங்கிருந்து ஐரோப்பா புகுந்தது. ஸ்பானிய மொழி யானைக் காயை இன்றும் அல்ஃபில் என்றே அழைக்கின்றது. அஃது அரபியின் அல்ஃபீல் என்பதே. ஆங்கிலேயர் ‘செக்மேட்’ என்று முழங்குவது நம் முன்னோரின் ‘ஷாஹ் மாத்’ அன்றி வேறில்லை.

அப்பாஸியக் கலீஃபா அல்முக்தஃபீ (ஆட்சி 902–908) அவையில் மாவர்தீ என்னும் ஆட்டக்காரர் பெருமதிப்புப் பெற்றிருந்தார். அவரை எதிர்த்து ஆட அபூபக்ர் அஸ்ஸூலீ வந்தார். கலீஃபா தமக்குகந்த மாவர்தீயை வெளிப்படையாகவே ஊக்கினார். முதலில் சற்றுத் தடுமாறிய ஸூலீ, பின்னர் மனந்தேறி ஐயத்திற்கிடமின்றி வென்றார். வெற்றி கண்முன் தெரிந்தபின் கலீஃபா தம் சார்பைக் கைவிட்டு, வென்றவரையே ஆதரித்தார். விருப்பம் ஒன்றாயிருக்க, பலகை வேறொன்றைச் சொன்னபோது அவர் பலகையை ஏற்றார். இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

ஆயினும் சதுரங்கம் மெய்ப்போர் ஆகாது. அங்கே இரு படைகளும் சமம், தரை சமம், எதிரி முழுவதும் கண்ணுக்குத் தெரிகின்றான். மெய்ப்போரிலோ சேறுண்டு, புகையுண்டு, வந்து சேராத கட்டளையுண்டு. இக்குறையை நீக்க முனைந்தவர் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் பிரபு. மலையும் ஆறும் ஊரும் மாற்றி மாற்றி அமைக்கத்தக்க பெருமேசையொன்றைச் செய்வித்து, 1812இல் அரசர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியத்திற்கு அளித்தார். பீரங்கிப்படை அதிகாரியான அவர் மகன் அதனை நிலப்படத்தின்மேல் ஆடும்வண்ணம் திருத்தி, 1824இல் விதிநூல் வெளியிட்டார். 1:8000 அளவுள்ள படம்; சிவப்பும் நீலமுமாய்ச் சிறு கட்டைகள்; ஒரு முறைக்கு இரண்டு நிமிடக் காலக்கணக்கு. யாவற்றினும் முதன்மையானது நடுவர் பதவி. இரு தரப்பினர் கட்டளையும் அவரிடமே சேரும். எதிரியில் எவ்வளவு தெரியவேண்டுமோ அவ்வளவே அவர் காட்டுவார். ஆட்டத்தைக் காண வந்த படைத்துறைத் தலைவர் ம்யூஃப்லிங், ஐயத்தோடு அமர்ந்து வியப்போடு எழுந்தார். படை முழுவதும் இதனைப் பயில வேண்டுமெனப் பரிந்துரைத்தார்.

இந்த ம்யூஃப்லிங் யார்? வாட்டர்லூ நாளில் பிரஷ்யர் சார்பில் வெல்லிங்டன் பாசறையில் உடனிருந்த தொடர்பதிகாரி அவரே. அன்று வெல்லிங்டனிடம் ஏறத்தாழ 68,000 பேரும், நெப்போலியனிடம் ஏறத்தாழ 73,000 பேரும் இருந்தனர். வாவ்ரிலிருந்து சேற்று வழியே நடந்து வந்த ப்ளூஷரின் பிரஷ்யர், மாலை நாலரை மணியளவில் பிளான்செனுவா ஊர்ப்பக்கம் தாக்கத் தொடங்கினர். இருட்டுவதற்குள் ஏறத்தாழ 50,000 பேர் வந்து சேர்ந்தனர். அவர்களைத் தடுப்பதற்கு நெப்போலியன் தம் சேமப்படையைப் பிரித்தனுப்ப நேர்ந்தது. வெல்லிங்டனின் படை நாள் முழுதும் நிலைபெயராது நின்றிராவிடில் பிரஷ்யர் வருகையால் பயனில்லை. பிரஷ்யர் வந்திராவிடில் அந்நிலைப்பாடு வெற்றியாய்க் கனிந்திருத்தல் அரிது. இருவரும் சேர்ந்ததே வெற்றி. மாணவரின் மேசை பொய் சொல்லவில்லை.

இவ்வுண்மையைப் பொம்மைகளால் சொல்ல முயன்று துன்புற்றவர் ஒருவர் உண்டு. லெப்டினன்ட் வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கில அதிகாரிக்கு, வாட்டர்லூக் களத்தை மாதிரியாய் அமைக்கும் பணி 1830இல் தரப்பட்டது. அவர் போர்க்களத்து லா ஹே சாந்த் பண்ணை வீட்டிலேயே எட்டுத் திங்கள் தங்கி நிலத்தை அளந்தார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் மடல் எழுதி, மாலை ஏழு மணியளவில் அவரவர் படை எங்கு நின்றது, எதிரே என்ன தெரிந்தது என்று வினவினார். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரைத் தேடிச் சென்று கேட்டறிந்த பெரியோரின் உழைப்பை இது நமக்கு நினைவூட்டுகின்றது. 70,000க்கு மேற்பட்ட சிற்றுருவங்கள் கொண்ட அம்மாதிரி, 1838இல் லண்டனில் காட்சிக்கு வந்தது.

சாட்சியங்கள் காட்டியபடியே அவர் பிரஷ்யரைக் களத்தில் நிறுத்தியிருந்தார். அது மேலிடத்தார்க்கு உவக்கவில்லை. வெல்லிங்டனின் புகழ் குறைவதாகக் கருதினர். அதற்கு முன்பே, 1833இல், அரசுப் பணம் நின்றுபோயிருந்தது. கடன் அவர் தலைமேல் ஏறிற்று. ஈற்றில் சைபோர்ன் பிரஷ்யப் பொம்மைகளில் பெரும்பகுதியை அகற்ற இசைந்தார். 1849இல் அவர் மறைந்தார். லண்டன் தேசியப் படைத்துறை அருங்காட்சியகத்தில் அம்மாதிரி இன்றும் உள்ளது. அதில் இருக்கும் வீரர்களைக் காண்போர், இல்லாத வீரர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சென்றுபோன போரின் சாட்சியை மறைத்தால் ஏடு பழுதாகும். வரவிருக்கும் போரின் சாட்சியை மறைத்தாலோ உயிர்கள் பலியாகும். 1942 மே மாதத்தில், மிட்வே தீவைத் தாக்கும் முன், ஜப்பானியக் கடற்படையினர் யமாட்டோ கப்பலில் ஒத்திகை ஆட்டம் நடத்தினர். நடுவராயிருந்த ஒக்குமியா பகடை உருட்டினார். எதிரி விமானங்களின் ஒன்பது குண்டுகள் பட்டன. அக்காகி, காகா என்னும் இரு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின எனத் தீர்ப்பாயிற்று. மேலதிகாரி உகாக்கி குறுக்கிட்டு, பட்டவை மூன்றே என மாற்றினார். மூழ்கியதாக விடப்பட்ட காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மீண்டும் மிதந்தது! இதனை ஒக்குமியாவே பின்னர் நூலில் பதிந்துள்ளார். ஜூன் 4இல் தொடங்கிய மெய்ப்போரில் அவ்விரண்டோடு சோர்யூ, ஹிர்யூ என்பனவும் சேர்ந்து நான்கு கப்பல்கள் அழிந்தன. ஒத்திகையில் வந்தவை தீவின் விமானங்கள். மெய்ப்போரில் அழித்தவை கப்பல்களிலிருந்து எழுந்தவை என்பது உண்மையே. எனினும், ‘நாம் எதிர்பாராத அடி விழுந்தால் என் செய்வோம்?’ என்று பகடை எழுப்பிய வினா, விடை காணாமலே அமிழ்த்தப்பட்டது.

அதே 1942இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் வேறொரு காட்சி. காசநோயால் பணியிழந்திருந்த கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ், கடற்படைத் துணைப்பிரிவின் இளம்பெண்களுடன், ஓர் அறையின் தரையையே கடலாக்கி ஆட்டம் நடத்தினார். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல் வரிசைக்கு வெளியே நின்று தாக்குகின்றன என்று அதுவரை நம்பினர். அவை இரவில் வரிசைக்குள்ளேயே புகுந்து தாக்குகின்றன என்பதைச் சுண்ணக்கோடுகள் காட்டின. நம்பிக்கையின்றிக் காண வந்த தலைமைத் தளபதி சர் பெர்சி நோபிள், கண்டதை ஏற்றார். காவற்கப்பல் அதிகாரிகள் அங்குச் சென்று பயிலுமாறு செய்தார். தம் கருத்துக்கு மாறானதைத் தரைக்கோடு சொன்னாலும் செவிமடுத்தார்.

நர்து எனும் பகடையாட்டம் ஹதீஸில் கண்டிக்கப்பட்டுள்ளது. ஷத்ரஞ்ஜைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு; பந்தயமும் தொழுகைத் தவறலும் இல்லாதவிடத்தும் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் அதனை மக்ரூஹ் என்றே கொண்டனர்; ஏனையோர் இன்னும் கடுமை காட்டினர். அச்சட்ட ஆய்வு இங்கு நம் பொருளன்று. ஆயின் அப்பெரியோர் உற்று நோக்கியது காயையன்று, ஆடுபவனின் உள்ளத்தை. அந்த ஆட்டம் அவனை எவ்விடத்துக் கொண்டு சேர்க்கின்றது என்பதை. அந்நோக்கே நமக்கும் போதும்.

விடைபெற எழுந்த மாணவரிடம், “தம்பி, அடுத்த முறை உமக்கு எப்படை வேண்டும்?” என வினவினோம். சிறிது எண்ணிப் பார்த்துவிட்டு, “நடுவராய் இருக்க விரும்புகிறேன், ஹஜ்ரத்” என்றார். அதுவே கடினமான இடம் என்று கூறி, துஆச் செய்து அனுப்பி வைத்தோம்.