பைசா நிதியிலிருந்து பி.பி.ஏ. வரை

ப்ளஸ் டூ முடித்த பிள்ளை "பி.பி.ஏ. சேரப் போகிறேன்" என்றால், நம் குடும்பங்களில் பெரியவர்களின் முகம் சற்றுச் சுருங்குவது வழக்கம். "ஏன், இஞ்ஜினீயரிங் கிடைக்கவில்லையா?" என்பது முதல் கேள்வி. "நிர்வாகம் என்பது பதினெட்டு வயதில் படித்து வருகிற விஷயமா?" என்பது அடுத்த கேள்வி. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்து, அரசு அலுவலகக் கோப்புகளுடன் முப்பத்தைந்து வருஷங்கள் கழித்தவன் நான். புனேக்கு அருகே தளேகாவில் வசிக்கும் என் பேத்திக்கு இந்தப் படிப்பில்தான் நாட்டம். அதனால் இதன் பூர்வோத்தரத்தை ஓய்வு நேரத்தில் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டவற்றை நம் அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

இளநிலைப் பட்டத்திலேயே வியாபாரத்தைப் பாடமாக வைப்பது நேற்று வந்த நாகரிகம் அல்ல. அமெரிக்காவில் ஜோசப் வார்ட்டன் என்ற தொழிலதிபர் கொடுத்த ஒரு லட்சம் டாலரைக் கொண்டு, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1881ல் வார்ட்டன் பள்ளி தொடங்கியது. ஐந்தே வருஷங்களில், 1886ல், நம் சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையினர் வணிகப் பள்ளி ஒன்றை ஆரம்பித்தார்கள். இந்தியாவில் வணிகக் கல்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பம்பாயில் 1913ல் சிடன்ஹாம் கல்லூரி, நாட்டின் முதல் வணிகக் கல்லூரியாக உதயமாயிற்று. அதன் முதல் கௌரவ முதல்வராக இருந்தவர் தமிழரான கே.எஸ். ஐயர் அவர்கள். 1897லேயே தம் பெயரில் தணிக்கை நிறுவனம் தொடங்கியவர். டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் கற்று மாதுங்காவுக்கு ரயிலேறியவர்களின் கதை நமக்கெல்லாம் தெரியும். அதே நகரில் கணக்கியலைக் கல்லூரிப் படிப்பாக உயர்த்திய நம்மவர் ஒருவர் இருந்தார் என்பது இளைய தலைமுறைக்கு அவ்வளவாகத் தெரியாது. புனேயில் பிருஹன் மகாராஷ்டிரா வணிகக் கல்லூரி 1943ல் வந்தது.

இனி தளேகாவுக்கு வருவோம். சேனாபதி தாபாடே வம்சத்தின் பெயரால் தளேகாவ் தாபாடே என்று வழங்கும் இவ்வூரில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தொழில் நிர்வாகத்தின் அரிச்சுவடி எழுதப்பட்டது. ஆளுக்கு ஒரு பைசா கொடுத்தால் சுதேசித் தொழிலுக்கு முதல் திரட்டிவிடலாம் என்று அந்தாஜி தாமோதர் காளே என்பவர் ஊர் ஊராகச் சென்று 'பைசா நிதி' வசூலித்தார். லோகமான்ய திலகர் அதற்குத் துணை நின்றார். அந்தப் பணத்தில் 1908ல் தளேகாவில் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலும் பயின்ற ஈஸ்வர்தாஸ் வார்ஷ்ணே அதை நடத்த வந்தார்.

அந்த ஆலையே பள்ளிக்கூடமாகவும் இருந்தது. இளைஞர்கள் உலை முன் நின்று தொழில் கற்றார்கள். பிறகு வேறு ஊர்களில் கண்ணாடி ஆலைகளை நடத்தினார்கள். முதலை எங்கே திரட்டுவது, நிபுணரை எங்கிருந்து அழைப்பது, ஆட்களை எப்படிப் பழக்குவது, வெளிநாட்டுச் சரக்கோடு எப்படிப் போட்டியிடுவது? பி.பி.ஏ. மாணவர் இன்று தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் நிதி, மனிதவளம், உற்பத்தி, சந்தை ஆகிய நான்கும் இந்தக் கேள்விகளில் அடங்கிவிடுகின்றன.

சுதந்திரத்துக்குப் பின் நிர்வாகப் படிப்பு, பட்டம் பெற்றவர்களுக்கே உரியதாயிற்று. கல்கத்தாவில் 1953ல் ஒரு நிறுவனம், பின்பு 1961ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள். கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரஹலாத், லயோலாவில் இயற்பியல் படித்து, பேட்டரி ஆலையில் வேலை பார்த்த பிறகே ஆமதாபாத் சென்றார்; உலகப் புகழ் பெற்றார். "முதலில் ஒரு டிகிரி, அப்புறம் எம்.பி.ஏ." என்ற எண்ணம் நம் மனத்தில் ஊன்றியது இப்படித்தான்.

இளநிலை நிர்வாகப் படிப்பு பரவலானது பிற்பாடுதான். டில்லியில் 1987ல் இதற்கென்றே ஒரு கல்லூரி வந்தது. மும்பை பல்கலைக்கழகம் 1999ல் பி.எம்.எஸ். பட்டத்தைத் தொடங்கியது. பிறகு தனியார் கல்லூரிகள் பெருகின. தரமும் ஏறி இறங்கியது. 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ. படிப்பு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதியின் கீழ் வந்துள்ளது. மகாராஷ்டிரத்தில் 2024லேயே இதற்குப் பொது நுழைவுத் தேர்வும் வந்துவிட்டது. ஆகவே கல்லூரியின் கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், அனுமதி இருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள்.

தளேகாவின் அண்மைச் சரித்திரமும் ஒரு பாடமே. ஜெனரல் மோட்டார்ஸ் 2008ல் இங்கே கார் ஆலை திறந்தது. இந்தியாவில் விற்பனையை 2017ல் நிறுத்தியது. 2020 டிசம்பரில் உற்பத்தியும் நின்றது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் வேரூன்றிய ஹூண்டாய், 2023ல் அந்த ஆலையை வாங்க ஒப்பந்தம் செய்து, 2025ல் அங்கே உற்பத்தி தொடங்கியது. இடம் ஒன்றே, சாலையும் துறைமுகமும் ஒன்றே. ஒருவர் விலக, மற்றொருவர் வருகிறார். ஏன்? விடை இயந்திரத்தில் மட்டும் இல்லை. எந்தக் காரை, என்ன விலைக்கு, யாருக்கு விற்பது என்ற தீர்மானத்தில் இருக்கிறது. அப்படி ஒரு தீர்மானம் பிசகினால் எத்தனை குடும்பங்களின் சம்பளம் நிற்கும் என்று நினைத்துப் பார்த்தால், இது விளையாட்டுப் படிப்பு அல்ல என்பது விளங்கும்.

என் பேத்திக்கு நான் சொன்னது மூன்றே விஷயங்கள். கணக்கியலையும் புள்ளியியலையும் விடாதே. நாகரிக ஆங்கிலப் பேச்சு அவற்றுக்கு ஈடாகாது. விடுமுறையில் தளேகாவ் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையிலாவது போய் நில். சரக்கு வருவதையும் பில் போவதையும் பார். மூன்றாவது, பட்டம் வாங்கியவுடனே மேலாளர் நாற்காலி காத்திருக்கும் என்று எண்ணாதே.

பிள்ளைகளுக்கு உண்மையான ஆர்வம் இருந்தால் அங்கத்தினர்கள் தயங்க வேண்டாம். ஒரு பைசாவுக்கும் கணக்கு வைத்து ஆலை கட்டியவர்களின் வழியில் வந்த கல்வி இது. அந்தச் சிரத்தையோடு படிப்பவர்களுக்கு அது நிச்சயம் கைகொடுக்கும்.