1921க்கு முன் காடுகளை அழித்தது எது?

இந்தியக் காடுகள் குறைந்ததற்கு மக்கள்தொகைப் பெருக்கமே காரணம் என்னும் கூற்று பரவலாக ஏற்கப்பட்டுவிட்டது. மக்கள்தொகைக் கணக்கையும் காடழிவின் காலவரிசையையும் ஒப்பிட்டால் அது முழுமையாக நிற்பதில்லை.

இன்றைய எல்லைகளின்படி 1901இல் இந்திய மக்கள்தொகை ஏறத்தாழ 23.8 கோடி, 1921இல் 25.1 கோடி. 1911க்கும் 1921க்கும் இடையில் அது சற்றுக் குறையவும் செய்தது. பஞ்சம், பிளேக், 1918இன் இன்ஃபுளுயன்சா ஆகியன பெருக்கத்தைத் தடுத்தன. தொடர்ச்சியான வளர்ச்சி அதன் பின்னரே தொடங்கியதால், மக்கள்தொகையியலார் 1921ஐப் ‘பெரும் பிரிவு ஆண்டு’ என்பர்.

காடுகள் அதுவரை காத்திருக்கவில்லை. 1853இல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே தொடங்கிய இரயில் பாதை, 1910இல் துணைக்கண்டம் முழுவதும் 50,000 கிலோமீட்டரைக் கடந்திருந்தது. தண்டவாளங்களைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளுக்குத் தேக்கு, சால், தேவதாரு மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. அதனால் எழுந்த மரத் தட்டுப்பாடு குறித்த அச்சமே 1864இல் டீட்ரிச் பிராண்டிஸ் தலைமையில் வனத்துறை அமைய முதன்மைக் காரணம். 1878ஆம் ஆண்டின் வனச் சட்டமோ, காப்புக்காடுகளில் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் சிற்றூரார் கொண்டிருந்த வழக்குரிமைகளைச் சுருக்கியது. பேரரசின் தேவையால் நேர்ந்த இழப்புக்குக் கட்டுப்பாட்டை ஏற்றவர்கள் காட்டை அண்டி வாழ்ந்தவர்கள்.

இதனால் மக்கள்தொகைக்குப் பங்கே இல்லை என்றாகாது. 1951இல் 36 கோடியாக இருந்த மக்கள் 2011இல் 121 கோடியாயினர். ஆண்டொன்றுக்குத் தலா நீர் இருப்பு 5,177 கன மீட்டரிலிருந்து 1,545 கன மீட்டராகச் சரிந்தது. இங்கே எண்ணிக்கையே நேரடிக் காரணி. ஆனால் பஞ்சாபின் நிலத்தடி நீர் வீழ்ச்சியை அம்மாநில மக்கள் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் விளக்கவியலாது. நெல்லுக்குக் கிடைத்த அரசுக் கொள்முதலும் உழவுக்கான இலவச மின்சாரமும் அங்கே பெரும்பங்கு வகித்தன.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976–77ஆம் ஓராண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. வற்புறுத்தலுக்கு மிகுதியும் ஆளானோர் ஏழைகள். தலைகளை மட்டும் எண்ணும் சூழலியல், யாருடைய உடலில் தீர்வைத் தேடும் என்பதற்கு அவ்வாண்டே சான்று. எத்தனை பேர் என்ற வினாவோடு, எவருடைய நுகர்வுக்காக, எந்தக் கொள்கையால் என்ற வினாக்களையும் சூழலியல் வரலாறு சேர்த்தே எழுப்ப வேண்டும்.