கப்று இல்லாத துக்கம்: நம் பிள்ளைகளும் 2020ம்

மதீனாவில் அபூ உமைர் என்றொரு சிறுவன். அனஸ் (ரழி) அவர்களின் தம்பி. அவன் வளர்த்த சின்னக் குருவி செத்துப்போனது. முகம் வாடியிருந்தவனிடம் நபி (ஸல்) அவர்கள், குருவிக்கு என்னானது என்று கேட்டார்கள். நபியவர்களின் கனிவுக்கு உதாரணமாகவே இச்சம்பவத்தை நாம் சொல்லி வருகிறோம். பிள்ளையின் துக்கத்தை எப்படித் தொடுவது என்ற பாடமும் இதில் இருக்கிறது. அவர்கள் பேச்சை மாற்றவில்லை. இழந்த பொருளைச் சொல்லியே கேட்டார்கள்.

நமது ஊர்களில் மௌத்து வீட்டிலிருந்து பிள்ளைகளைத் தூர விலக்குவது குறைவு. மய்யித்தின் முகத்தைப் பார்க்க விடுவோம். ஆண்பிள்ளைகள் சந்தூக்கின் பின்னால் போய், மூன்று பிடி மண் போடுவார்கள். பிறகொரு நாள், “வாப்பாவ எங்க வெச்சிருக்காங்க?” என்று கேட்டால், மையவாடியில் ஓர் இடத்தைக் காட்டலாம். எந்தப் புத்தகமும் படிக்காத உம்மம்மாமார் பிள்ளைகளுக்குச் செய்துவந்த ஆறுதல் இதுதான்.

இந்த ஏற்பாடு முதலில் உடைந்தது 1990 ஒக்டோபரில். விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது வீடும் காணியும் போனதைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். மையவாடிகளும் பின்னால் நின்றுபோயின. முருங்கன் சந்தியால் திரும்பி சிலாபத்துறைப் பக்கம் போனால் வரும் முசலிக் கிராமங்கள் பல, யுத்தம் முடிந்து சனம் திரும்பியபோது காடு மண்டிக் கிடந்தன. புத்தளத்து முகாம்களில் வளர்ந்த பிள்ளைக்கு மூத்தவாப்பாவின் கப்று வெறும் கதையாக மட்டுமே இருந்தது.

இரண்டாவது உடைவு 2020இல் வந்தது. கொவிட் தொற்றில் இறந்தவர்களை அடக்கவோ எரிக்கவோ செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் 24ஆம் திகதியே வழிகாட்டியிருந்தது. ஆனாலும் ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. டிசம்பரில், பிறந்து 20 நாளான முஸ்லிம் சிசுவொன்று பெற்றோரின் சம்மதமின்றிக் கொழும்பில் எரிக்கப்பட்டது. பல சமயத்தவரும் பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டினார்கள். கஃபன் கிடைக்காத பிள்ளைக்கு ஊர் கொடுத்த கஃபன் அது.

2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. மார்ச் 2இல் மன்னாருக்கு வடக்கே கடலிலுள்ள இரணைதீவு அதற்கெனக் குறிக்கப்பட்டது. 1992இல் இடம்பெயர்ந்து 2018இல்தான் மண்ணுக்குத் திரும்பிய கத்தோலிக்க மீனவர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. அங்கே 3,000க்கும் மேற்பட்டோர் அடங்கியிருக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை, பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் மன்னிப்புக் கோர முடிவெடுத்தது.

வழக்கும் மனுவும் மன்னிப்பும் பெரியவர்களுடைய வரலாறு. அந்த மாதங்களில் எத்தனை வீடுகளில் பிள்ளைகளுக்கு “வாப்பா ஆஸ்பத்திரியில இருக்கார்” என்றோ “பயணம் போயிட்டார்” என்றோ சொல்லி வைத்திருப்போம்? முகம் பார்க்கவில்லை, மண் போடவில்லை, காட்ட இடமுமில்லை. பிள்ளை காத்துக்கொண்டே இருக்கும். அல்லது எரித்த கதையைத் தெருவில் யாரோ சொல்லக் கேட்டு, வாப்பாவுக்கு நொந்திருக்குமோ என்று இரவில் தனியே பயப்படும்.

அன்று ஆரம்ப வகுப்பில் இருந்தவர்கள் இப்போது மேல்வகுப்புகளில் நம் முன்னால் இருக்கிறார்கள். காலம் கடந்துவிடவில்லை. இறந்தார் என்றே சொல்லுவோம். எரித்ததால் அவருக்கு வலிக்கவில்லை, அது அவர் செய்த குற்றமுமில்லை, அல்லாஹ்விடம் அவர் பங்கு குறையாது என்று விளக்குவோம். ஓட்டமாவடியில் கப்று உள்ளவர்கள் பிள்ளைகளை ஒருமுறையாவது கூட்டிப் போகட்டும். கப்றே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. தூரதேசத்தில் இறந்த நஜ்ஜாஷி மன்னருக்கு நபியவர்கள் மதீனாவிலிருந்தே ஜனாஸா தொழுதார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபும் காயிப் ஜனாஸாவை ஏற்கிறது. அந்த ஸஃப்பில் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்துவோம்.

தொழுது முடிந்ததும் பேர் சொல்லிக் கேட்போம்: “வாப்பாவப் பத்தி உனக்கு என்ன ஞாபகம் இருக்கு, மகன்?” சொல்லச் சொல்லக் கேட்டு எழுதி வைப்போம். 2020இன் வரலாற்றில் பிள்ளைகளின் பக்கம் இன்னும் வெற்றாகவே கிடக்கிறது.