திமிங்கிலம் வகுப்பறைக்கு வந்த வழி

1851 அக்டோபரில் லண்டனில் மூன்று தொகுதிகளாக ஒரு நாவல் வெளிவந்தது. பெயர் ‘தி வேல்’, அதாவது திமிங்கிலம். அடுத்த மாதம் நியூயார்க்கில் ஹார்ப்பர் நிறுவனம் அதையே ‘மோபி டிக்’ என்று வெளியிட்டது. லண்டன் பதிப்பில் கடைசிப் பக்கம் விடுபட்டுப் போயிருந்தது. கப்பலோடு எல்லோரும் மூழ்கிய பிறகு, கதைசொல்லி இஷ்மயேல் மட்டும் ஒரு சவப்பெட்டியைப் பற்றிக்கொண்டு மிதந்து பிழைத்த செய்தி அதில்தான் இருந்தது. எல்லோரும் செத்துவிட்டால் கதையைச் சொன்னது யார் என்று அங்கே விமர்சகர்கள் கேட்டார்கள்.

எழுதிய ஹெர்மன் மெல்வில்லுக்கு அப்போது வயது 32. பத்தாண்டுகளுக்கு முன், 1841 ஜனவரி 3 அன்று, அவர் அக்குஷ்னெட் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறினார். மாதச் சம்பளம் கிடையாது. கிடைக்கும் லாபத்தில் 175-இல் ஒரு பங்கு. வீட்டு விளக்கும் கலங்கரை விளக்கமும் ஆலை இயந்திரமும் திமிங்கில எண்ணெயை நம்பியிருந்த காலம் அது.

அவர் உயிரோடு இருந்தவரை புத்தகம் நாலாயிரம் பிரதிகூட விற்கவில்லை. 1853-இல் ஹார்ப்பர் கட்டடம் தீப்பிடித்தபோது, தேங்கிக் கிடந்த பிரதிகளும் எரிந்தன. பிழைப்புக்காக நியூயார்க் துறைமுகத்தில் 19 ஆண்டுகள் சுங்க ஆய்வாளராக வேலை பார்த்தார். 1891-இல் இறந்தார்.

1919-இல் அவருடைய நூற்றாண்டு வந்தது. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் ரேமண்ட் வீவர் அவரைத் தேடிப் புறப்பட்டு, 1921-இல் வாழ்க்கை வரலாறு எழுதினார். புத்தகம் மறுபடி வாசகர் கைக்கு வந்தது. ஆனால் அதற்கு வகுப்பறை எது? அன்றைய அமெரிக்கக் கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகளில் பிரிட்டிஷ் இலக்கியத்துக்குத்தான் முதல் பந்தி. வரலாற்றுத் துறைக்கோ நாவல் ஆதாரமாகப் படவில்லை. 1930-களில் ஹார்வர்டு ‘அமெரிக்க நாகரிக வரலாறு’ என்ற பெயரில் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் முனைவர் பட்டத்தைத் தொடங்கியது. 1940-இல் ஹென்றி நாஷ் ஸ்மித் அந்தப் பட்டத்தை முதலில் பெற்றார். மறு ஆண்டே ஹார்வர்டு ஆசிரியர் எஃப். ஓ. மத்தியெஸ்சன் தன் பெரிய நூலில், எமர்சன், தோரோ, ஹாதோர்ன், விட்மன் ஆகியோரோடு மெல்வில்லை ஒரே வரிசையில் உட்கார வைத்தார்.

அமெரிக்கவியல் என்ற இந்தப் புதுப் படிப்புக்கென்றே எழுதியதுபோல அந்த நாவல் பொருந்தியது. ஓர் அத்தியாயம் நாடகம், ஒன்று விலங்கியல், ஒன்று எண்ணெய் காய்ச்சும் தொழில். 89-ஆம் அத்தியாயம் சட்டம்: கடலில் அடிபட்ட திமிங்கிலம் யாருக்குச் சொந்தம்? கயிற்றில் கட்டுண்டது கட்டியவனுக்கு. கட்டில்லாதது முதலில் பிடிப்பவனுக்கு. இந்த மீனவர் விதியைச் சொல்லிவிட்டு மெல்வில் நாடுகளின் பக்கம் திரும்புகிறார். கொலம்பஸ் வந்த அமெரிக்கா, ஸாரின் போலந்து, இங்கிலாந்தின் இந்தியா, நாளைய மெக்சிகோ எல்லாம் கட்டில்லாத அந்த மீன்களில் அடக்கம் என்கிறார். 1851-இல், 1857 கிளர்ச்சிக்கும் முன்னால்! நம் நாட்டின் பெயரை அந்தப் பட்டியலில் பார்த்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். இதை இலக்கியத் துறை மட்டுமே படித்தால் சட்டம் தப்பிவிடும். சட்டத் துறை மட்டுமே படித்தால் அந்தக் கோபம் தப்பிவிடும்.

ஆனாலும் இந்தப் பயணத்தில் ஹார்வர்டைவிடப் பெரிய ஊர் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவு என்பேன். டிரினிடாடில் பிறந்த சி. எல். ஆர். ஜேம்ஸ், கிரிக்கெட்டைப் பற்றி அருமையாக எழுதியவர், 1952-இல் குடியேற்ற அதிகாரிகளால் அங்கே அடைத்து வைக்கப்பட்டார். உடல் நலிந்த நிலையில் அங்கேயே மெல்வில்லைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதுவரை அறிஞர்கள் பெரும்பாலும், வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்தும் கேப்டன் ஆகாபையும் இஷ்மயேலையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஜேம்ஸ் மாலுமிகளைப் பார்த்தார்: பாலினேசியத் தீவுக்காரர் குவீக்வெக், அமெரிக்கப் பூர்வகுடி டாஷ்டெகோ, ஆப்பிரிக்கர் டாகூ. எங்கெங்கிருந்தோ வந்து உழைப்பவர்கள்தாம் கப்பல். ஆகாப் அவர்களை அழிவுக்கு இழுத்துப்போகும் சர்வாதிகாரி. தன்னோடு அடைபட்டிருந்த பல நாட்டு மனிதர்களைப் பற்றிக் கடைசி அத்தியாயம் எழுதி, 1953-இல் தானே அச்சிட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பினார். பலன் இல்லை; அதே ஆண்டு நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பின்னாளில் அவர் நூல் அமெரிக்கவியல் மாணவர்களின் பாடப் பட்டியலில் இடம்பிடித்தது. 1988-இல் மிச்சிகனில் பேசிய நாவலாசிரியர் டோனி மாரிசன், அந்தத் திமிங்கிலத்தின் வெண்மையையே இனவெறிச் சிந்தனையாகப் படித்துக் காட்டினார்.

நாவலின் தொடக்க அத்தியாயங்கள் பல நடக்கும் நியூ பெட்ஃபோர்டு ஊரில், மெல்வில் கப்பலேறிய நாளை நினைத்து, ஜனவரிதோறும் திமிங்கில வேட்டை அருங்காட்சியகத்தில் முழு நாவலையும் வாய்விட்டு வாசிக்கிறார்கள். ஏறக்குறைய 25 மணி நேரம். அசோர்ஸ், கேப் வெர்டி தீவுகளிலிருந்து வேட்டைக்கு வந்தவர்களின் சந்ததி வாழும் ஊர் என்பதால் போர்ச்சுகீசிய மொழியிலும் ஒரு சுருக்க வாசிப்பு உண்டு. ஒருவர் நிறுத்திய இடத்தில் அடுத்தவர் தொடங்குகிறார், இரவு கழிகிறது. லண்டனில் விடுபட்ட அந்தக் கடைசிப் பக்கம் மறுநாள் பகலில் வருகிறது.