செந்நிற மருந்தின் சரித்திரம்

இத்தாலியின் தென்கிழக்கே, அட்ரியாட்டிக் கடலுக்கு அணித்தாயுள்ள அபுலியா பிரதேசத்தில், இரண்டாம் பிரெடெரிக் சக்கரவர்த்தி 13ஆம் நூற்றாண்டில் எண்கோணமாகக் கட்டுவித்த காஸ்தெல் தெல் மோன்தே என்னும் கோட்டை இன்றும் நிற்கிறது. 1950களில் அக்கோட்டையைச் சூழ்ந்த மண்ணை எடுத்துச் சென்று பரிசோதித்த மிலான் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், அதில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்று செக்கச் சிவந்த பொருளைச் சுரப்பதையும், அப்பொருள் சுண்டெலிகளின் புற்றுநோயை அடக்குவதையும் கண்டு, அந்நாட்டின் புராதன குலத்தாராகிய தௌனியரின் பெயரால் அதற்கு டௌனோமைசின் என்று நாமகரணம் செய்தார்கள். பின்னர் கிடைத்த அதன் உடன்பிறப்பான அட்ரியாமைசினுக்கோ, பக்கத்துக் கடலே பெயர் கொடுத்தது.

இரத்தப் புற்றுநோயில் முன்னதும், மார்பகப் புற்றுநோய் முதலிய பலவற்றில் பின்னதும் செய்த உபகாரம் பெரிது. ஆயினும், முதல் சிகிச்சையில் கரைந்துபோன கட்டி மீண்டும் தலையெடுக்குங்கால் அதே மருந்துக்கு அசையாமல் நிற்பதையும், நோயாளி ஒருநாளும் பெற்றறியாத வேறு மருந்துகளையும்கூட அது பொருட்படுத்தாதிருப்பதையும் கண்டு வைத்தியர்கள் திகைத்தார்கள். அளவை உயர்த்தலாமென்றால், இருதயம் பழுதாகும் என்ற அச்சம் குறுக்கே நின்றது.

மருந்து உயிரணுவுக்குள் புகுவதில்லை என்பதன்று காரணம். புகுந்த டௌனோமைசினைத் தன் சக்தியைச் செலவிட்டு அவ்வுயிரணு வெளியே தள்ளுகிறது என்பதை 1973இல் டென்மார்க்கின் கெல்ட் டானோ நிரூபித்தார். 1976இல் டொரொன்டோவில் ஜூலியானோவும் விக்டர் லிங்கும், மருந்துக்கு மசியாத உயிரணுக்களின் மேற்சவ்வில் மிகுந்து காணப்பட்ட புரதம் ஒன்றைக் கண்டறிந்து, அதற்குப் பி-கிளைக்கோபுரோட்டீன் என்று பெயரிட்டார்கள். மருந்தை இறைத்துக் கொட்டும் யந்திரம் அதுவே என்பது பின்னர் தெளிவாயிற்று. நமது குடலிலும், ஈரலிலும், சிறுநீரகத்திலும், மூளையின் இரத்தக் குழாய்களிலும் இருந்துகொண்டு விஷங்களை விலக்கி நம்மைக் காக்கும் காவலன் இதே புரதந்தான். அந்தக் காவலையே புற்றுநோய் தன் ரக்ஷணைக்கு அமர்த்திக்கொள்கிறது.

1981இல் ஜப்பானில் ட்ஸுருவோவும் அவருடைய குழுவினரும், இருதய நோய்க்கு வழங்கும் வெராபமில் இக்காவலனை அடக்கவல்லதெனக் காட்டியபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் நோயாளிகளிடம் அதற்கு வேண்டிய அளவு இருதயத்துக்கே தீங்காயிற்று. பின்வந்த மருந்துகளோ, ஆரோக்கியமான உறுப்புகளின் காவலையும் சேர்த்து அடக்கியதால், விஷம் வெளியேற வழியின்றி உடலிலேயே தங்கலாயிற்று.

காவலனை வீழ்த்தாமல் வேறு வழியாக உட்புகும் உபாயம், புற்றுநோயைக் கருதாத ஓர் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1960களில் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பாப்ரஹாமில், முட்டையிலிருந்து எடுத்த லெசித்தினை நீரில் கலந்து ஆராய்ந்த அலெக் பாங்கம், அது தானாகவே மூடிய நுண்குமிழ்களாக அமைவதைக் கண்டார். லிப்போசோம் எனப்படும் அக்குமிழை, மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் மிகாததாகச் சிறுக்கி, அதனுள் அட்ரியாமைசினை நிறைத்து, ஈரலும் மண்ணீரலும் விரைவில் விழுங்கிவிடாதபடி பாலிஎத்திலீன் கிளைக்கால் போர்வை போர்த்தினார்கள் ஜெருசலேமைச் சேர்ந்த பேரன்ஹோல்ஸும் கபிஸோனும். டாக்ஸில் என்ற பெயருடன் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அது, இருதயத்துக்கு நேரும் தீங்கைக் குறைத்தது. பிற மருந்துகளுக்கு மசியாத சூலகப் புற்றுநோய்க்கும் 1999இல் அனுமதிக்கப்பட்டது. சவ்வைக் கடக்கும் தனி மருந்தைக் காவலன் பிடித்துவிடுகிறான். உயிரணு தானே விழுங்கும் குமிழோ, வாயிலைத் தாண்டி உள்ளே சென்று திறக்கிறது என்பதே இம்முறையின் தத்துவம்.

இத்தத்துவம் எல்லாப் புற்றுநோயிலும் பலித்துவிடவில்லை. எதிர்த்து நிற்க அந்நோய்க்கு வேறு வழிகளும் உண்டு. எனினும், 2017இல் கடுமையான ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்காக, சைட்டராபின் என்னும் மற்றொரு மருந்துடன் ஒரே குமிழில் அமர்ந்து வந்தது, டானோ எந்த மருந்து வெளியே தள்ளப்படுவதைக் கண்டாரோ அதே டௌனோமைசின். இவற்றைத் தனித்தனியே பெற்ற முதியோர் சராசரியாக 6 மாதம் உயிர் வாழ, குமிழில் பெற்றோர் 9 மாதத்துக்கு மேல் வாழ்ந்தனர். அந்த 3 மாதம் அற்பமன்று. தோற்ற மருந்தை எறிந்துவிடாமல், அது தோற்ற காரணத்தைப் பொறுமையோடு தேடியவர்கள் சம்பாதித்துக் கொடுத்த ஆயுள் அது.