ஆட்டக்களத்துக்கும் தூரம்

காரைக்காலிலும் அதைச் சுற்றியுள்ள நாகை, மயிலாடுதுறைப் பக்கத்திலும் மாதவிலக்குக்கு 'வீட்டுக்குத் தூரம்' என்று பெயர். தனிப் பாய், தனித் தட்டு, துவைத்து மறைவில் உலர்த்திய பழந்துணி. அடுப்படியே தூரமென்றால் கபடிக் களம் எம்மாத்திரம்!

விலக்கு மெல்லத்தான் தளர்ந்தது. கோவை முருகானந்தம் மலிவாக நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். தமிழக அரசு 2012-ல் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரத் தொடங்கியது. 2017-ல் வந்த ஜிஎஸ்டியோ பொட்டுக்கும் வளையலுக்கும் வரிவிலக்கு தந்துவிட்டு, நாப்கினுக்கு 12 சதவீதம் போட்டது. என்ன கணக்கோ! 2018 ஜூலையில்தான் எடுத்தார்கள்.

ஆட்டக்களத்திலும் அப்படித்தான். வெள்ளை உடையில் பிடிவாதமான விம்பிள்டன் டென்னிஸ், மாதவிடாய்க் கறை பற்றிய அச்சம் கருதி வீராங்கனைகளின் கருநிற உள்ளாடைக்கு 2023-ல்தான் இடம் கொடுத்தது.

மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 199 கிலோ தூக்கி, ஒரே கிலோவில் வெண்கலத்தைத் தவறவிட்ட பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு செய்தியாளர்களிடம் கூச்சமின்றிச் சொன்னார்: அன்று அவருக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள்.